சாம்ப்ளர் கருவியில் டிரம் தொகுதிகளை ஒழுங்கமைத்தல்

டிரம் தொகுதி என்பது சாம்ப்ளர் எனப்படும் ஒலி மாதிரிக் கருவியில் ஒன்றாக வாசிப்பதற்காகத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்திச் சேமிக்கப்பட்ட தாள ஒலி மாதிரிகளின் கூட்டம் ஆகும். இது டிரம் கிட் என்றும் அழைக்கப்படுகின்றது. அகாய் நிறுவனத்தின் எம்பிசி வரிசைக் கருவிகளில் இதற்குப் புரோகிராம் என்று பெயர். ஒரு தொகுதியில் பொதுவாகக் கிக், ஸ்னேர், ஹை-ஹாட், டாம், சிம்பல், கைத்தட்டல் முதலிய ஒலிகள் இடம்பெறும்.

ஒரு கருவியில் பல தொகுதிகள் இருக்கும்போது அவை யாவும் ஒரே இட ஒழுங்கையும், ஒரே பெயரிடும் முறையையும், ஒத்த ஒலி அளவையும் பின்பற்றுதல் வேண்டும். அவ்வாறு இருந்தால் மட்டுமே ஒரு தொகுதியை நீக்கி மற்றொன்றை அதன் இடத்தில் வைத்து வாசிக்க இயலும். ஒழுங்கு தவறினால் கிக் ஒலிக்க வேண்டிய இடத்தில் சிம்பல் ஒலிக்கும். பல ஆண்டுகளுக்கு முன் சேமித்த பாடலைத் திறக்கும்போது வேறொரு பாடலின் ஸ்னேர் அதில் ஒலிப்பதும் உண்டு.

வரலாறு

உண்மையான டிரம் ஒலிகளை எண்முறையில் பதிவு செய்து பயன்படுத்திய முதல் நிரல்படுத்தத்தக்க தாளக் கருவி, அமெரிக்கரான ரோஜர் லின் வடிவமைத்த எல்எம்-1 ஆகும். இது 1980 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதன் ஒலிகள் படிக்க மட்டுமான நினைவகச் சில்லுகளில் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பொத்தானுக்கும் உரிய ஒலியைத் தயாரிப்பாளரே முடிவு செய்து, அதன் பெயரைக் கருவியின் முகப்பில் அச்சிட்டிருந்தார். எனவே ஒலிகளை ஒழுங்கமைக்கும் வேலை பயனருக்கு இருக்கவில்லை.

பயனர் தாமே ஒலிகளைப் பதிவு செய்யும் வசதி வந்தபோது இந்நிலை மாறியது. அமெரிக்காவின் ஈ-மியூ நிறுவனம் 1985 இல் எஸ்பி-12 என்ற கருவியையும், 1987 இல் எஸ்பி-1200 என்ற கருவியையும் வெளியிட்டது. ரோஜர் லின் தமது நிறுவனம் 1986 இல் மூடப்பட்ட பின்னர் ஜப்பானின் அகாய் நிறுவனத்துடன் இணைந்து எம்பிசி60 என்ற கருவியை உருவாக்கினார். இது 1988 இல் வெளிவந்தது. இதனைத் தொடர்ந்து எம்பிசி3000 (1994), எம்பிசி2000 (1997) முதலியன வந்தன. இக்கருவிகளில் பேடுகள் எனப்படும் அழுத்து விசைகளின் மேல் எந்த ஒலியின் பெயரும் நிலையாக எழுதப்படவில்லை. எந்த ஒலி எங்கே அமர வேண்டும் என்பதைப் பயனரே முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

அமெரிக்க ஹிப்-ஹாப் இசையின் வளர்ச்சியில் இக்கருவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜே டில்லா (1974 - 2006) என்னும் இசையமைப்பாளர் பயன்படுத்திய எம்பிசி3000 கருவி, வாசிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

அடிப்படைக் கூறுகள்

தொகுதி ஒன்றின் அமைப்பைப் புரிந்துகொள்ளப் பின்வரும் ஐந்து கூறுகளையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

1. ஒலி மாதிரி: பதிவு செய்யப்பட்ட ஒலி. எடுத்துக்காட்டாக, ஸ்னேரின் மீது ஓர் அடி.
2. பேடு: விரலால் தட்டும் விசை. எம்பிசி வரிசையில் இவை 4 வரிசை, 4 நிரல் என 16 ஆகும். எஸ்பி-1200 இல் 8 ஆகும்.
3. வங்கி: பேடுகளின் அடுக்கு. எம்பிசி2000 இல் 4 வங்கிகள் உள்ளன. ஆகவே ஒரு தொகுதியில் 16 × 4 = 64 பேடுகள் கிடைக்கும். எஸ்பி-1200 இல் 8 × 4 = 32 கிடைக்கும்.
4. புரோகிராம்: எந்தப் பேடில் எந்த ஒலி, எந்த அளவில், எந்தச் சுருதியில் ஒலிக்க வேண்டும் என்ற விவரங்களின் பட்டியல்.
5. வரிசைப்பதிவு: எந்தக் கணத்தில் எந்தச் சுர எண், எவ்வளவு விசையுடன் தட்டப்பட்டது என்ற குறிப்பு.

வரிசைப்பதிவில் ஒலி எதுவும் இல்லை. எண்கள் மட்டுமே உள்ளன. எம்பிசி2000 போன்ற கருவிகளில் புரோகிராம் கோப்பிலும் ஒலி இல்லை. ஒலி மாதிரிகளின் பெயர்கள் மட்டுமே உள்ளன. ஒலி தனிக் கோப்பில் உள்ளது. இம்மூன்றும் எண்ணாலும் பெயராலும் மட்டுமே ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. எண்ணோ பெயரோ மாறினால் பிணைப்பு அறுந்துவிடும். இட ஒழுங்கு, பெயரிடுதல் ஆகிய இரண்டும் இன்றியமையாதன ஆவது இதனாலேயே.

பேடுகளின் இட ஒழுங்கு

இசைக் கருவிகளுக்கு இடையேயான மிடி என்னும் தொடர்பு முறை 1983 இல் நடைமுறைக்கு வந்தது. இதில் சுரங்கள் 0 முதல் 127 வரையான எண்களால் குறிக்கப்படுகின்றன. 1991 இல் வெளியிடப்பட்ட பொது மிடி என்னும் சீர்தரம் தாள ஒலிகளுக்கு 10 ஆம் தடத்தை ஒதுக்கி, 35 முதல் 81 வரை உள்ள 47 எண்களுக்கு ஒவ்வொரு ஒலியை வரையறுத்தது. அதன்படி 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹாட், 46 திறந்த ஹை-ஹாட், 49 கிராஷ் சிம்பல், 51 ரைடு சிம்பல் ஆகும்.

எம்பிசி வரிசையின் பல கருவிகளில் முதல் வங்கியின் பேடுகளுக்கு இயல்பாகவே கீழ்க்கண்ட எண்கள் தரப்பட்டுள்ளன. பேடு 1 கீழ் வரிசையின் இடது ஓரத்தில் உள்ளது. பேடு 16 மேல் வரிசையின் வலது ஓரத்தில் உள்ளது.

மேல் வரிசை (பேடு 13 - 16): 49, 55, 51, 53
மூன்றாம் வரிசை (பேடு 9 - 12): 48, 47, 45, 43
இரண்டாம் வரிசை (பேடு 5 - 8): 40, 38, 46, 44
கீழ் வரிசை (பேடு 1 - 4): 37, 36, 42, 82

இதனைப் பொது மிடியுடன் ஒப்பிட்டால் ஒரு திட்டம் புலப்படும். மேல் வரிசை முழுவதும் சிம்பல்கள். அதன் கீழே டாம்கள், உயர்ந்த சுருதியில் இருந்து தாழ்ந்த சுருதிக்கு இடமிருந்து வலமாக இறங்குகின்றன. கிக், ஸ்னேர், ஹை-ஹாட் ஆகிய மூன்றும் கையருகே கீழ் இரு வரிசைகளில் உள்ளன. கிக் பேடு 2 இலும், ஸ்னேர் அதற்கு நேர் மேலே பேடு 6 இலும் உள்ளன. மூடிய ஹை-ஹாட் பேடு 3 இலும், திறந்த ஹை-ஹாட் அதற்கு நேர் மேலே பேடு 7 இலும் அமைகின்றன. 82 என்ற எண் மட்டும் 1991 இன் பொது மிடிப் பட்டியலுக்கு வெளியே உள்ளது.

இத்திட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிக்கைப் பேடு 1 இல் வைப்போரும் உளர். ஆனால் தேர்ந்தெடுத்த ஒழுங்கு எல்லாத் தொகுதிகளுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இதனால் இரு நன்மைகள் உள்ளன. முதலாவது, விரல்கள் இடத்தைப் பழகிக்கொள்கின்றன. தட்டச்சு செய்பவர் விசைகளைப் பார்க்காதது போல வாசிப்பவர் பேடுகளைத் தேட வேண்டியதில்லை. இரண்டாவது, ஒரு தொகுதியைக் கொண்டு பதிவு செய்த தாளத்தை வேறு தொகுதியில் ஓட்டிப் பார்க்க முடிகின்றது. எண் 36 எல்லாத் தொகுதிகளிலும் கிக்காக இருந்தால், தொகுதியை மாற்றிய கணமே அதே தாளம் புதிய ஒலியில் கேட்கும்.

ஒரு தொகுதியில் குறிப்பிட்ட ஒலி இல்லையெனில், அந்தப் பேடை வெறுமையாக விடுதல் நன்று. வெற்றிடத்தில் வேறு வகை ஒலியை அடைப்பது பின்னர் குழப்பம் தரும். மரபான டிரம் ஒலிகளை முதல் வங்கியிலும், மணி, கிலுக்கை முதலிய துணைத் தாள ஒலிகளை இரண்டாம் வங்கியிலும், குறிப்பிட்ட பாடலுக்கே உரிய சிறப்பு ஒலிகளைக் கடைசி வங்கியிலும் வைப்பது ஓர் எளிய பகிர்வு ஆகும்.

நினைவகமும் நேரமும்

16 பிட் ஆழத்தில், நொடிக்கு 44,100 அளவீடுகள் எடுக்கும் கருவியில், ஒற்றைத் தட ஒலி ஒரு நொடிக்கு 44,100 × 2 = 88,200 பைட்டுகள் இடம் கொள்ளும். இருதட ஒலி அதன் இரு மடங்கு கொள்ளும். எம்பிசி2000 இன் அடிப்படை நினைவகம் 2 மெகாபைட்டு ஆகும். இது ஏறத்தாழ 23.8 நொடி ஒற்றைத் தட ஒலிக்குப் போதுமானது. இதனை 32 மெகாபைட்டு வரை விரிவாக்கினால் சுமார் 6 நிமிடம் 20 நொடி கிடைக்கும்.

ஓர் எளிய தொகுதியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கிக் 0.5 நொடி, ஸ்னேர் 0.4, மூடிய ஹை-ஹாட் 0.1, திறந்த ஹை-ஹாட் 0.8, மூன்று டாம்கள் 2.4, ரைடு 2, கிராஷ் 3 எனக் கொண்டால் மொத்தம் 9.2 நொடி ஆகும். ஒற்றைத் தடத்தில் இது 8,11,440 பைட்டுகள். 14,74,560 பைட்டுகள் கொள்ளும் ஒரு நெகிழ்வட்டில் எளிதில் அடங்கும். இருதடமாகப் பதிவு செய்தால் 16,22,880 பைட்டுகள் ஆகி, ஒரே வட்டில் அடங்காது. கிக், ஸ்னேர் ஆகியவற்றை ஒற்றைத் தடத்தில் வைக்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

எஸ்பி-1200 இல் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. 12 பிட் ஆழம், 26.04 கிலோஹெர்ட்சு வீதம் கொண்ட இதில் மொத்தப் பதிவு நேரம் 10 நொடி மட்டுமே. ஒரு தனி ஒலி 2.5 நொடிக்கு மேல் இருக்க முடியாது. மேற்கண்ட 3 நொடிக் கிராஷ் இதில் இடம்பெறாது. இதனைச் சமாளிக்க இசைத்தட்டை நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதிலாக 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவு செய்து, பின்னர் கருவியில் சுருதியைத் தாழ்த்தும் உத்தி கையாளப்பட்டது. 45 ஐ 33⅓ ஆல் வகுத்தால் 1.35. ஆகவே 3 நொடி ஒலி 2.22 நொடியில் அடங்கிவிடும். சுருதியைத் தாழ்த்தும்போது ஒலியில் ஒருவிதச் சொரசொரப்பு ஏறுகின்றது. நினைவகத்தைச் சேமிக்கப் பிறந்த இக்குறைபாடு பின்னர் விரும்பப்படும் ஒலித்தன்மையாக மாறியது.

பெயரிடுதல்

எம்பிசி2000எக்ஸ்எல் போன்ற கருவிகளில் ஒலி மாதிரியின் பெயர் 16 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். கருவி ஒரு புரோகிராமைத் திறக்கும்போது அதில் எழுதப்பட்ட பெயர்களைக் கொண்டே ஒலிகளைத் தேடும். அதே பெயரில் ஓர் ஒலி நினைவகத்தில் ஏற்கனவே இருந்தால், அதனை மாற்றுவதா வேண்டாமா என்று கேட்கும். வேண்டாம் எனத் தேர்ந்தால் ஏற்றுதல் விரைவாக முடியும். ஆனால் புதிய தொகுதி பழைய ஒலியையே பயன்படுத்தும். வேண்டும் எனத் தேர்ந்தால், ஏற்கனவே திறந்திருக்கும் தொகுதியின் ஒலி மாறிவிடும். இரு தொகுதிகளிலும் "கிக் 1" என்ற பெயர் இருந்தால் இரண்டில் ஒன்று கெடுவது உறுதி. கருவி பிழைச்செய்தி எதுவும் தராது. காதால் கேட்டே தவற்றை அறிய வேண்டியிருக்கும்.

எனவே ஒவ்வொரு ஒலிக்கும் சேகரிப்பு முழுவதிலும் தனித்த பெயர் இருத்தல் வேண்டும். நடைமுறையில் பயனளிக்கும் ஒரு முறை பின்வருமாறு:

1. முதல் இரண்டு எழுத்துகள் ஒலியின் வகையைக் குறிக்கும். ரோலண்டு நிறுவனத்தின் டிஆர்-808 (1980) கருவியின் முகப்பில் உள்ள பிடி, எஸ்டி, சிஎச், ஓஎச் போன்ற உரோம எழுத்துச் சுருக்கங்கள் பலரும் அறிந்தவை. இவை முறையே கிக், ஸ்னேர், மூடிய ஹை-ஹாட், திறந்த ஹை-ஹாட் ஆகியவற்றைக் குறிக்கும்.
2. அடுத்த மூன்று அல்லது நான்கு எழுத்துகள் தொகுதியின் பெயரைக் குறிக்கும்.
3. இறுதியில் இரண்டு இலக்க வரிசை எண் வரும். 1, 2 என எழுதாமல் 01, 02 என எழுதினால் பட்டியலில் 10 என்பது 2 க்கு முன்னால் வராது.

வகையை முதலில் வைத்தால் எல்லாக் கிக்குகளும் பட்டியலில் அடுத்தடுத்து வரும். தொகுதியின் பெயரை முதலில் வைத்தால் ஒரு தொகுதியின் ஒலிகள் யாவும் சேர்ந்து வரும். புதிய தொகுதிகளை அடிக்கடி கலந்து அமைப்பவருக்கு முன்னதும், ஆயத்தத் தொகுதிகளை அப்படியே வாசிப்பவருக்குப் பின்னதும் ஏற்றவை. கணினியில் இருந்து நீண்ட பெயருள்ள கோப்புகளைக் கொண்டுவரும்போது கடைசி எழுத்துகள் வெட்டப்படக்கூடும். இரு பெயர்களுக்கு இடையேயான வேறுபாடு கடைசி எழுத்தில் மட்டும் இருந்தால் அவை ஒன்றாகிவிடும். ஆதலால் கணினியிலேயே பெயரைச் சுருக்கிக்கொள்வது பாதுகாப்பானது.

ஒலி அளவைச் சீராக்குதல்

எண்முறைப் பதிவில் ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் வீச்சைத் தருகின்றது. ஆகவே 12 பிட் கருவிக்கு 72 டெசிபெல்லும், 16 பிட் கருவிக்கு 96 டெசிபெல்லும் கோட்பாட்டளவில் கிடைக்கும். உச்ச அளவின் பாதியில் பதிவு செய்தால் ஒரு பிட் வீணாகின்றது. ஆகையால் பதிவு செய்யும்போது உச்சத்தை எட்டாமல், அதற்கு அருகில் வைத்துப் பதிவு செய்வது முறையாகும்.

பதிவின் அளவும் தொகுதிக்குள் ஒலிக்கும் அளவும் வெவ்வேறு என்பதை மறத்தலாகாது. எல்லா ஒலிகளையும் உச்சத்துக்கு உயர்த்தினால் தொகுதி சமநிலை பெறும் எனப் பலர் கருதுகின்றனர். அவ்வாறு செய்தால் ஹை-ஹாட்டின் உச்சமும் கிக்கின் உச்சமும் ஒன்றாகிவிடும். மனிதச் செவி உயர் அதிர்வெண் ஒலிகளை எளிதில் உணர்வதால் ஹை-ஹாட் மற்றவற்றை மூழ்கடிக்கும். சமநிலையை ஒலிக் கோப்பில் செய்யாமல், புரோகிராமில் பேடுக்குரிய ஒலி அளவைக் கொண்டு செய்வதே ஏற்றது. பின்னர் மனம் மாறினாலும் மூல ஒலி பழுதின்றி இருக்கும்.

தொகுதிகளுக்கு இடையே சீர்மை காண, கிக், ஸ்னேர், ஹை-ஹாட் அடங்கிய ஒரு சோதனைத் தாளத்தைப் பதிவு செய்து, அதனை ஒவ்வொரு தொகுதியிலும் ஓட்டி, ஒலிபெருக்கியின் அளவை மாற்றாமல் கேட்க வேண்டும். ஒரு தொகுதியை அடிப்படையாகக் கொண்டு மற்றவற்றை அதனுடன் பொருத்த வேண்டும்.

ஒலியின் தொடக்கத்தை வெட்டுதல்

பதிவின் தொடக்கத்தில் உள்ள சிறு அமைதி தாளத்தையே தளர்த்திவிடும். எம்பிசி60 ஒரு கால் சுரத்தை 96 துடிப்புகளாகப் பகுக்கின்றது. நிமிடத்துக்கு 120 அடிகள் என்ற வேகத்தில் ஓர் அடி 500 மில்லிநொடி. ஒரு துடிப்பு சுமார் 5.2 மில்லிநொடி. ஒரு கிக்கின் முன்னால் 10 மில்லிநொடி அமைதி இருந்தால், கருவி எவ்வளவு துல்லியமாக இயங்கினாலும் கிக் ஏறத்தாழ இரண்டு துடிப்புகள் தாமதமாகவே கேட்கும். ஒரு தொகுதியின் கிக்கில் அமைதி இருந்து மற்றதில் இல்லாவிட்டால், தொகுதியை மாற்றும்போது தாளத்தின் நடையே மாறும். எனவே தொடக்கப் புள்ளியை ஒலியின் முதல் அதிர்வுக்குச் சற்று முன்னால், அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் அமைக்க வேண்டும். அலையின் நடுவில் வெட்டினால் "டிக்" என்ற ஓசை எழும்.

ஹை-ஹாட்டும் அடக்கக் குழுவும்

உண்மையான ஹை-ஹாட் என்பது காலால் இயக்கப்படும் இரு சிம்பல்கள் ஆகும். திறந்த நிலையில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதனை மூடினால் ஒலி நின்றுவிடும். சாம்ப்ளரில் இவை இரு தனி ஒலிகள் என்பதால், எதுவும் செய்யாவிட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும். இதனைத் தவிர்க்க, ஒரு பேடு தட்டப்பட்டதும் மற்றொன்றை நிறுத்தும் அடக்க ஏற்பாடு எம்பிசி கருவிகளில் உள்ளது. எஸ்பி-1200 இல் ஒரே வெளியீட்டுத் தடத்தில் ஒரு நேரத்தில் ஓர் ஒலியே இயங்கும். ஆகவே இரு ஹை-ஹாட்டுகளையும் ஒரே தடத்தில் வைத்தாலே போதும்.

எஸ்பி-1200 இன் 8 தடங்களும் ஒரே தன்மையன அல்ல. 1, 2 ஆகியவற்றில் காலத்தோடு மாறும் வடிகட்டியும், 3 முதல் 6 வரை நிலையான வடிகட்டியும் உள்ளன. 7, 8 இல் வடிகட்டி இல்லை. இதனால் கிக் முதலிய தாழ் ஒலிகளை முதல் தடங்களிலும், ஒளிர்வு தேவைப்படும் ஹை-ஹாட், சிம்பல் ஆகியவற்றை இறுதித் தடங்களிலும் வைப்பது பொருத்தமாகும்.

சேமிப்பும் பாதுகாப்பும்

தொகுதிகளைச் சேமிக்க இரு அணுகுமுறைகள் உள்ளன. பொது நூலக முறையில் எல்லா ஒலிகளும் ஒரே இடத்தில் இருக்கும்; பாடல்கள் அவற்றைப் பகிர்ந்துகொள்ளும். இடம் மிச்சமாகும். ஆனால் ஓர் ஒலியைத் திருத்தினால் அதனைப் பயன்படுத்திய பாடல்கள் யாவும் மாறும். தன்னிறைவு முறையில் ஒவ்வொரு பாடலுக்கும் தனி அடைவு இருக்கும். அதில் வரிசைப்பதிவு, புரோகிராம், ஒலிகள் மூன்றும் ஒன்றாக இருக்கும். இடம் கூடுதலாகத் தேவைப்பட்டாலும், பல ஆண்டுகளுக்குப் பின்னர் பாடலை அப்படியே திறக்க இதுவே உறுதியான வழி. நூலகத்தில் தேடி, முடிந்த பாடலைத் தன்னிறைவாகச் சேமிப்பது இரண்டின் நன்மையையும் தரும்.

பழைய கருவிகள் பயன்படுத்திய நெகிழ்வட்டுகள் காலப்போக்கில் காந்தத்தன்மை குன்றிப் பழுதாகின்றன. சோனி நிறுவனம் ஜப்பானில் 3.5 அங்குல நெகிழ்வட்டு விற்பனையை 2011 மார்ச்சில் நிறுத்தியது. எனவே வட்டுகளில் மட்டும் உள்ள தொகுதிகளைக் கணினிக்கு மாற்றி, ஒலிகளைப் பரவலாகப் படிக்கத்தக்க வேவ் வடிவிலும் வைத்தல் நன்று. வேவ் கோப்பில் ஒலி மட்டுமே இருக்கும். பேடு எண், ஒலி அளவு, அடக்க ஏற்பாடு ஆகியன இரா. இவற்றைத் தனி உரைக் கோப்பில் எழுதி வைத்தால், மூலக் கருவி பழுதானாலும் தொகுதியை வேறு கருவியில் மீட்டெடுக்கலாம்.

மூலமும் பதிப்புரிமையும்

ஒலி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் தொகுதியின் ஒரு பகுதியே ஆகும். தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969 ஆம் ஆண்டு "ஆமென், பிரதர்" என்ற இசையில் கிரெகரி கோல்மன் வாசித்த சில நொடித் தாளம் ஆயிரக்கணக்கான பாடல்களில் மாதிரியாகப் பயன்பட்டுள்ளது. அதற்காக உரிமத்தொகை எதுவும் பெறாமலேயே அவர் 2006 இல் இறந்தார்.

அமெரிக்காவில் 1991 இல் வழங்கப்பட்ட ஒரு தீர்ப்பு, அனுமதியின்றி மாதிரி எடுத்தல் பதிப்புரிமை மீறல் என்று கூறியது. மிகச் சிறு பகுதி பற்றி 2005 இலும் 2016 இலும் இரு வேறு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் மாறுபட்ட முடிவுகளை அளித்துள்ளன. எந்த ஒலி சொந்தப் பதிவு, எது உரிமம் பெற்றது, எது இசைத்தட்டில் இருந்து எடுத்தது என்பதைத் தொகுதியை அமைக்கும்போதே குறித்து வைத்தால், பாடலை வெளியிடும் வேளையில் நினைவை நம்பியிருக்க வேண்டியதில்லை.